இருபத்தொன்பது இலக்க எண்ணும் ஒரு சிறுமியின் வினாவும்



சுருதபஞ்சமி நன்னாளில் சேலையூரில் உள்ள நமது சிறிய இல்லத்தில் சாத்திர நூல்களைப் பலகையில் அடுக்கி, விளக்கேற்றி, மலரும் அட்சதையும் தூவி வழிபடுவது பல ஆண்டுகளாக நடந்துவரும் வழக்கம். கிழக்குத் தாம்பரம், செம்பாக்கம் பகுதிகளில் வாழும் நம்மவர் குடும்பங்கள் சில வந்து கலந்துகொள்ளும். பூசை முடிந்தபின் பிள்ளைகளுக்கு ஏதேனும் ஒரு சாத்திரப் பொருளை எளிய முறையில் சொல்லும் பணியை, முன்னாள் ஆசிரியை என்ற உரிமையால், நம்மிடம் ஒப்படைத்துள்ளனர்.

இம்முறை நாம் எடுத்துக்கொண்ட பொருள் ஓர் எண். ஒரே ஓர் எண். அதனைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினோம்.

79228162514264337593543950336

எண்ணிப் பாருங்கள், இருபத்தொன்பது இலக்கங்கள் இருக்கும். மனித கதியில் பிறந்து, உடல், பொறி முதலிய ஆறு பரியாப்திகளும் நிறைவுற்ற மனிதர்களின் தொகை இது என்று நம் ஆசாரியர்கள் எழுதி வைத்துள்ளனர். நேமிசந்திர சித்தாந்த சக்கரவர்த்தி அருளிய கோம்மடசாரத்தின் சீவகாண்டத்தில் இவ்வெண் இடம்பெறுகிறது. சிரவணபெளகொளவில் பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் கோமடேசுவரரின் திருவுருவை நிறுவிய சாமுண்டராயருக்குக் குருவாக விளங்கியவர் அவர். சுவேதாம்பர மரபினர் போற்றும் அனுயோகத்துவார சூத்திரத்திலும் இதே தொகை வேறு சொற்களில் கூறப்படுகிறது.

இவ்வளவு பெரிய எண் எப்படிப் பிறந்தது? மிக எளிய வழியில்தான். இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டை இரண்டால் பெருக்கினால் நான்கு. இது முதல் வர்க்கம். நான்கை நான்கால் பெருக்கினால் பதினாறு. இது இரண்டாம் வர்க்கம். மூன்றாம் வர்க்கம் 256. நான்காம் வர்க்கம் 65,536. ஐந்தாம் வர்க்கம் 4294967296. ஆறாம் வர்க்கம் 18446744073709551616. ஐந்தாம் வர்க்கத்தையும் ஆறாம் வர்க்கத்தையும் ஒன்றோடொன்று பெருக்கினால் நாம் பலகையில் எழுதிய எண் கிடைக்கும். நேமிசந்திரர் இதனை இன்னும் சுருக்கி, ஐந்தாம் வர்க்கத்தின் கனம் என்கிறார். ஐந்தாம் வர்க்கத்தை மும்முறை எழுதிப் பெருக்கினாலும் விடை அதுவே.

இதன் இயல்புகளைச் சற்றே ஆராய்வோம். இதனை இரண்டாகப் பகுக்கலாம், மீதி வராது. வந்த பாதியை மீண்டும் பாதியாக்கலாம், அப்பொழுதும் மீதி வராது. இவ்வாறு 96 முறை பாதியாக்கிக்கொண்டே சென்றால் இறுதியில் ஒன்று என்ற எண்ணில் வந்து நிற்கும். இடையில் எங்கும் பின்னம் தோன்றுவதில்லை. ஓர் எண்ணை எத்தனை முறை பாதியாக்க இயலும் என்ற கணக்கிற்கு அர்த்தச்சேதம் என்று நம் நூல்கள் பெயரிட்டுள்ளன. வீரசேனாசாரியர் தம் தவளா உரையில் இக்கணக்கை விரிவாகக் கையாள்கிறார். இன்று மேனிலைப் பள்ளியில் பிள்ளைகள் மடக்கை என்று படிப்பதும் இதன் இனத்தைச் சேர்ந்ததே. மேனாட்டில் ஜான் நேப்பியர் மடக்கையைப் பற்றிய தம் நூலை வெளியிட்டது 1614ஆம் ஆண்டில். வீரசேனர் வாழ்ந்ததோ அதற்கு ஏறக்குறைய எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பு.

இன்னொரு இயல்பும் உண்டு. இவ்வெண்ணை மீதியின்றி வகுக்கும் எண்கள் ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு எனத் தொடங்கி, அவ்வெண்ணையும் சேர்த்து மொத்தம் 97. அவற்றுள் அவ்வெண்ணை மட்டும் விலக்கிவிட்டு, எஞ்சிய 96 வகுஎண்களையும் ஒன்றாகக் கூட்டிப் பாருங்கள். கூட்டுத்தொகை அவ்வெண்ணைவிடச் சரியாக ஒன்று குறைவாக இருக்கும். நம்பிக்கை வராத பிள்ளைகள் பதினாறை வைத்துச் சோதிக்கலாம். ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு ஆகியவற்றைக் கூட்டினால் பதினைந்து. பதினாறுக்கு ஒன்று குறைகிறது. இவ்வியல்பை நினைவில் வைத்திருங்கள். பின்னர் இதனிடம் திரும்பி வருவோம்.

அச்சகமோ காகிதமோ இல்லாத காலத்தில் இருபத்தொன்பது இலக்கங்களைப் பிழையின்றிக் காப்பது எளிதன்று. ஏடு எழுதுபவர் ஓர் இலக்கத்தைத் தவறவிட்டாலும் கணக்கு முழுவதும் கெடும். ஆகையால் கடபயாதி என்னும் முறையில், எழுத்துகளையே இலக்கங்களாகக் கொண்டு, இவ்வெண்ணை ஒரு பிராகிருதச் செய்யுளாகவே அமைத்துவிட்டனர். அம்முறையில் ஒவ்வொரு மெய்யெழுத்துக்கும் ஒரு மதிப்பு உண்டு. செய்யுளின் முதலெழுத்து ஒன்றாம் இடத்து இலக்கத்தைக் குறிக்கும். அங்கிருந்து இடப்புறமாக ஏறிச் செல்ல வேண்டும். தகரத்திற்கு ஆறு. எனவே ஒன்றாம் இடத்தில் ஆறு. இறுதியில் வரும் ஸகரத்திற்கு ஏழு. எனவே முதன்மை இடத்தில் ஏழு. நாம் அச்செய்யுளை எழுத்தெழுத்தாகப் பிரித்து, இரண்டை 96 முறை பெருக்கி வந்த விடையோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். இருபத்தொன்பது இலக்கங்களுள் ஒன்றேனும் பிழைபடவில்லை. ஓர் எண்ணைக் காக்க நம் முன்னோர் மேற்கொண்ட கவலையை எண்ணியபொழுது நம் கண்கள் கலங்கின.

இவ்வளவும் சொல்லி முடித்து, பிள்ளைகள் வியந்திருப்பர் என்று நினைத்துப் பெருமிதத்துடன் அமர்ந்திருந்தோம். அப்பொழுது எட்டாம் வகுப்புப் பயிலும் நம் பேத்தி எழுந்தாள். கையில் கைப்பேசி.

"பாட்டி, உலக மக்கள் தொகை 2022 நவம்பரில் 800 கோடியை எட்டியது என்று எங்கள் பள்ளியில் சொன்னார்கள். அது பத்து இலக்கம்தான். இது இருபத்தொன்பது இலக்கம். பூமியின் பரப்பு, கடலையும் சேர்த்து, சுமார் 51 கோடி சதுர கிலோமீட்டர். நான் வகுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு சதுர மீட்டரிலும் ஏறக்குறைய 155 லட்சம் கோடிப் பேர் நிற்க வேண்டும். இத்தனை பேருக்கு நிற்க இடம் எங்கே, பாட்டி?"

கூடத்தில் அமைதி நிலவியது. பெரியவர் சிலர் முகம் சுளித்தனர். "சாத்திரத்தை இப்படியெல்லாம் கேட்கலாமா, அம்மா?" என்று ஓர் அம்மையார் மெல்லச் சொன்னார்.

நமக்கோ அக்கணத்தில் கூடமும் விளக்கும் மறைந்து, நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய வேறொரு கூடம் தோன்றியது.

அக்காலத்தில் நாம் வந்தவாசிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஆசிரியையாகப் பணியாற்றினோம். ஞாயிறுதோறும் ஜினாலயத்தின் முன்மண்டபத்தில் பிள்ளைகளுக்குச் சமய வகுப்பும் நடத்தி வந்தோம். ஒருநாள் இதே எண்ணைச் சொன்னோம். பத்து வயதுச் சிறுமி ஒருத்தி எழுந்து, "டீச்சர், இத்தனை பேர் இருந்தால் நிற்க இடம் இருக்குமா?" என்று கேட்டாள். நம்மிடம் விடை இல்லை. விடை இல்லை என்று ஒப்புக்கொள்ளும் துணிவும் இல்லை. "சாத்திரத்தைச் சந்தேகிப்பது பாபம். மித்தியாத்துவம். வாயை மூடிக்கொண்டு நில்" என்று கடிந்து, வகுப்பு முடியும்வரை அவளைத் தூணோரம் நிற்க வைத்தோம். அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. பின்னர் அக்குடும்பம் ஊர் மாறிச் சென்றது. நமக்கும் வேற்றூருக்கு மாற்றல் வந்தது.

பிள்ளை வினவும்பொழுது அதனை அடக்காதே என்பது ஆசிரியப் பயிற்சியில் நாம் கற்ற முதற்பாடங்களுள் ஒன்று. பாடக்குறிப்பு ஏட்டில் "மாணவர் வினாக்களை வரவேற்றல்" என்று நம் கையாலேயே எழுதி ஒப்பம் பெற்றதுண்டு. பள்ளியில் கடைப்பிடித்த அதனை ஜினாலய மண்டபத்தில் கைவிட்டோம். சமயத்திற்கு அவ்விதி பொருந்தாது என்று எண்ணியதே நாம் செய்த பிழை.

பணி ஓய்வு பெற்றபின்பே சாத்திர நூல்களை நிதானமாகப் பயில நேரம் வாய்த்தது. அப்பொழுது அறிந்த ஒரு செய்தி நம்மைத் தலைகுனிய வைத்தது. அதனை இங்கே சொல்ல வேண்டும்.

சுருதபஞ்சமியின் வரலாறு உங்களுக்குத் தெரிந்ததே. கிர்நார் மலைக் குகையில் வாழ்ந்த தரசேனாசாரியர், தம்மோடு ஆகம அறிவு மறைந்துவிடுமோ என்று கவலையுற்று, புஷ்பதந்தர், பூதபலி என்னும் இரு முனிவர்க்கு அதனை ஓதுவித்தார். அவ்விருவரும் இயற்றியதே ஷட்கண்டாகமம். அந்நூல் நிறைவுற்று வழிபாடு நிகழ்ந்த திதியையே நாம் இன்றும் கொண்டாடுகிறோம். புஷ்பதந்தர் தொடங்கி வைத்த பணியைப் பூதபலி முடித்தார். அவர் திராவிட நாட்டில் தங்கியிருந்தார் என்பது மரபு. தமிழ்ச் சமணராகிய நமக்கு இது தனிப் பெருமை.

சீவராசிகளின் தொகையைக் கூறும் திரவியப் பிரமாணப் பகுதி பூதபலியின் வாக்கு. அங்கே பரியாப்த மனிதரின் தொகையை அவர் இருபத்தொன்பது இலக்கமாக எழுதவில்லை. இரண்டு எல்லைகளை மட்டுமே வகுத்தார். கோடியைக் கோடியாலும் மீண்டும் கோடியாலும் பெருக்கிய தொகைக்கு மேல், நான்கு முறை கோடி பெருக்கிய தொகைக்குக் கீழ், ஆறாம் வர்க்கத்திற்கு மேல், ஏழாம் வர்க்கத்திற்குக் கீழ் என்பது அவர் கூற்று. நான்கு கோடிகளைப் பெருக்கினால் ஒன்றை அடுத்து 28 சுழிகள் வரும். அதுவும் இருபத்தொன்பது இலக்கமே. ஆயினும் நாம் பலகையில் எழுதிய எண் அதனைவிட ஏறக்குறைய எட்டு மடங்கு பெரியது.

இதற்கு உரை வகுத்த வீரசேனாசாரியர் ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்தவர். 96 முறை பாதியாகும் தொகையைப் பிற ஆசாரியர்கள் கூறுவதை அவர் அறிந்திருந்தார். அதனைக் கண்மூடி ஏற்கவில்லை. மனிதர் வாழும் இரண்டரைத் தீவின் குறுக்களவு நாற்பத்தைந்து லட்சம் யோசனை. அந்நிலத்தின் பரப்பைக் கணக்கிட்டார். அத்தனை மனிதர் அந்நிலத்தில் அடங்க மாட்டார் என்று காட்டினார். ஆதலால் அத்தொகை பொருந்தாது என்று முடிவு கூறினார். மூடபித்ரியில் ஓலைச்சுவடியாகப் பூட்டிக் காக்கப்பட்டிருந்த தவளா, பேராசிரியர் ஹீராலால் ஜைன் முயற்சியால் 1939 முதல் 1958 வரை 16 தொகுதிகளாக அச்சேறியது. லக்னோப் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் அவதேஷ் நாராயண் சிங் தவளாவின் கணிதத்தைப் பற்றி எழுதிய கட்டுரையில் வீரசேனரின் இந்த ஆராய்ச்சியை எடுத்துக்காட்டியுள்ளார்.

அன்பர்களே, சிந்தியுங்கள். இத்தனை மனிதர்க்கு இடம் உண்டா? வீரசேனாசாரியர் ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் கேட்டது இதையே. அந்தப் பத்து வயதுச் சிறுமி கேட்டதும் இதையே. ஆசாரியரின் வினாவை ஏட்டில் வைத்து மலர் தூவி வணங்குகிறோம். சிறுமியின் வினாவைத் தூணோரம் நிற்க வைத்தோம்.

வீரசேனருக்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டின் பின் வந்த நேமிசந்திரர், அவர் மறுத்த அதே தொகையைத் தம் நூலில் ஏற்று எழுதினார் என்பதும் கவனிக்கத்தக்கது. தவளா முதலிய பேருரைகளைக் கடைந்தே கோம்மடசாரத்தைத் திரட்டியவர் அவர். ஆசாரியர் இருவர் ஓர் எண்ணில் வேறுபட்டு நிற்கின்றனர். நாம் இருவரையும் வணங்குகிறோம். இரு நூல்களும் ஒரே பலகையில் அடுத்தடுத்து இருக்கின்றன.

இவ்விடத்தில் பெரியோர் சிலர் கேட்கலாம்: நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் முதலாவது ஐயமின்மை அன்றோ? வினவுவது அதற்கு இழுக்கு ஆகாதோ? ஆகாது. உயிர் உண்டு, வினை உண்டு, வினையிலிருந்து வீடுபெறும் வழி உண்டு என்னும் அடிப்படையில் மனம் தளும்புவதே ஐயம் என்னும் குற்றம். பொருளை அறிய வேண்டி வினவுவதோ தவம். உமாஸ்வாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் ஒன்பதாம் அத்தியாயத்தில் அகத்தவங்கள் ஆறு என்கிறார். அவற்றுள் ஒன்று சுவாத்தியாயம். அதன் அங்கங்கள் ஐந்து. ஓதுவித்தல், வினவுதல், சிந்தித்தல், பிழையின்றிப் பாடம் செய்தல், அறம் உரைத்தல். ஓதுவித்தலை அடுத்த இடத்திலேயே வினவுதலை வைத்துள்ளார். கௌதம கணதரர் வினவியிராவிடில் நமக்கு ஆகமம் ஏது? உண்ணாநோன்பு இருக்கும் பிள்ளையை மெச்சுகிறோம். வினா எழுப்பும் பிள்ளையும் ஒரு தவத்தைத் தொடங்கியிருக்கிறது.

ஆகவே சேலையூரில் நம் பேத்திக்கு நாம் சொன்ன விடை இது.

"கண்ணே, நீ செய்த கணக்கு சரி. இன்று நாம் காணும் இப்பூமியில் அத்தனை மனிதர் நிற்க இயலாது. நூல்கள் கூறும் மனிதவுலகம் இரண்டரைத் தீவு. அதன் அளவு வேறு. அங்கேயும் இத்தொகை அடங்காது என்று வீரசேனாசாரியரே எழுதியிருக்கிறார். நீ அவருடைய வழியில்தான் கேட்டிருக்கிறாய். உட்கார். இன்னும் கேள்."

பின்பு அவளுக்கும் பிற பிள்ளைகளுக்கும் அவ்வெண்ணின் பயனைச் சொன்னோம். ஆசாரியர்கள் மனிதரை மட்டும் எண்ணவில்லை. நான்கு கதிகளையும் எண்ண முயன்றனர். நரகர் அசங்கியாதர். தேவரும் அசங்கியாதர். எண்ணுக்கு அடங்காதவர் என்பது பொருள். விலங்குகதியில் உழலும் உயிர்களோ அனந்தம். அவற்றை எந்தப் பலகையிலும் எழுத முடியாது. பரியாப்த மனிதரின் தொகை மட்டுமே சங்கியாதம், அதாவது எண்ணி எழுதத்தக்கது. இருபத்தொன்பது இலக்கமானால் என்ன, அதனினும் குறைந்தால் என்ன? ஒரு சிறுமி கரும்பலகையில் ஒரே வரியில் எழுதி முடித்துவிடலாம். நமக்குப் பெருந்தொகையாகத் தோன்றும் இவ்வெண் ஆசாரியரின் கணக்கில் மிகச் சிறிய தொகை. போதி துர்லப பாவனையில் மனிதப் பிறவி அரிது என்று நாம் நாள்தோறும் சிந்திப்பதை, அவர்கள் எண்ணாலேயே நிறுவ முயன்றிருக்கின்றனர். வீரசேனரும் நேமிசந்திரரும் தொகையில் வேறுபட்டாலும் இப்பொருளில் வேறுபடவில்லை.

அப்படி அரிதாகக் கிடைத்த பிறவியை நாம் எவ்வாறு நடத்துகிறோம்? நம்மை அடுத்து நிற்கும் இன்னொரு மனிதப் பிறவியை எவ்வாறு நடத்துகிறோம்? மண்டபத்தில் நாம் தூணோரம் நிறுத்தியதும் அத்தகைய அரிய பிறவி ஒன்றையே. அன்று நமக்குத் தொகை மனப்பாடமாக இருந்தது. தொகையின் பொருள் தெரியவில்லை.

இனி, நினைவில் வைக்கச் சொன்ன இயல்புக்கு வருவோம். இவ்வெண்ணின் எல்லாப் பகுதிகளையும் கூட்டினாலும் முழு எண்ணுக்கு ஒன்று குறைகிறது. நம் அனேகாந்தக் கொள்கைக்கு இதனை ஓர் உவமையாகக் கொள்ளலாம். நயங்கள் ஒவ்வொன்றும் உண்மையின் ஒரு பகுதி. ஆசிரியை அறிந்தது ஒரு பகுதி, மாணவி கேட்டது ஒரு பகுதி, உரையாசிரியர் கண்டது ஒரு பகுதி. நாம் அறிந்த எல்லாவற்றையும் கூட்டினாலும் கேவலியின் ஞானத்திற்குக் குறைவாகவே நிற்கும். அக்குறையை உணர்ந்தவன் பேசும்பொழுது "ஒருவாற்றான்" என்று அடக்கத்துடன் பேசுவான். உணராதவன் தன் பகுதியையே முழுமை என்று கூறிப் பிறரை அதட்டுவான். அன்று நாம் அதட்டினோம்.

இந்த இதழ் தமிழ்நாட்டின் பல ஊர்களுக்கும், பிழைப்பின் பொருட்டு அயல்மாநிலம் சென்ற நம்மவர் இல்லங்களுக்கும் செல்கிறது. அச்சிறுமி இன்று ஐம்பதை அடைந்த அம்மையாராக இருப்பாள். பேரப்பிள்ளைகளும் இருக்கலாம். அவள் கண்ணில் இப்பக்கம் படுமாயின், அவளிடம் ஒன்று சொல்ல விரும்புகிறோம். அம்மா, உன் வினா சரியான வினா. பிழை எங்களுடையது. மன வாக்குக் காயங்களால் உனக்கு இழைத்த அப்பிழையைப் பொறுத்தருள வேண்டுகிறோம். பிரதிக்கிரமணத்தில் எல்லா உயிர்களிடமும் பொறுமை வேண்டுகிறோம். ஆனால் நாம் நோகச் செய்த ஓர் உயிரை நினைவில் நிறுத்தி, அதனிடம் வேண்டுவதே கடினமாக இருக்கிறது. அதனை இத்தனை ஆண்டுகள் தள்ளிப்போட்டோம்.

பெற்றோர்க்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த சுருதபஞ்சமியன்று உங்கள் பிள்ளைகளிடம் ஒரு குறிப்பேட்டைக் கொடுங்கள். ஒன்று என்று எழுதச் செய்து, இரண்டால் பெருக்கிக்கொண்டே போகச் சொல்லுங்கள். 96 முறை. கைப்பேசி வேண்டாம், கையால் செய்யட்டும். சில நாள் ஆகும். பிழை வரும், திருத்திக்கொள்வர். இறுதி விடையை இப்பக்கத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். பின்னர் அதே எண்ணைப் பாதியாக்கிக்கொண்டே இறங்கி வந்து ஒன்றில் நிற்கட்டும். அந்த ஒன்று பாதியாகாது. ஆன்மாவும் அவ்வாறே பகுக்க முடியாத ஒன்று என்று சொல்லிக்கொடுங்கள்.

அப்பொழுது பிள்ளைகள் ஏதேனும் கேட்பார்கள். கட்டாயம் கேட்பார்கள். விடை தெரிந்தால் சொல்லுங்கள். தெரியாவிட்டால், "தெரியவில்லை, சேர்ந்து படிப்போம்" என்று சொல்லுங்கள். அதனால் உங்கள் மதிப்புக் குறையாது, சத்தியவிரதமும் காக்கப்படும்.

அன்று மாலை பிள்ளைகள் விடைபெற்றுச் சென்றபின் கரும்பலகையை அழிக்கப் போனோம். பேத்தி தடுத்தாள். "அழிக்காதீர்கள், பாட்டி. இன்னும் ஒரு சந்தேகம் இருக்கிறது. நாளைக்குக் கேட்கிறேன்" என்றாள். அவ்வெண் இன்றும் பலகையில் இருக்கிறது.

வாழ்க ஜினநெறி! வளர்க நல்லறிவு!